பத்மினி வெடித்தால் எங்கே பார்ப்பது?

சென்னையிலிருந்து வாங்கி வந்த மூன்றாம் நாள், காலை ஆறு மணிக்கு, அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் என் பழைய பிரீமியர் பத்மினி கார் முதல் தடவையாக வெடித்தது. கோபுரத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. எதிர்வீட்டு அஜ்ஜி பால் பாக்கெட்டோடு வாசலுக்கு வந்து "ஏனாயித்து?" (என்னாச்சு?) என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்ல? தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆனது. அதற்குள் தேவையே இல்லாமல் ஒரு கார்புரேட்டரையும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மாற்றியிருந்தேன்.

பெங்களூரில் இப்போது பழைய கார் வாங்கும் இளைஞர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். பேக்ஃபயர், அதாவது இந்த வெடிச்சத்தம், வந்ததும் எல்லாரும் முதலில் கை வைக்கும் இடம் கார்புரேட்டர்தான். அதைக் கடைசியாகத் தொடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்மினியை வைத்தே சொல்கிறேன். அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச்) வைத்த, கார்புரேட்டர் வைத்த எந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் காருக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, சரியான நேரத்தில் எரிய வேண்டும். அது வேறு இடத்தில் எரிந்தால் பேக்ஃபயர். வேறு இடம் என்பது இரண்டே இரண்டுதான். முன்னால் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். இல்லாவிட்டால் பின்னால் சைலன்சரில் வெடிக்கும். இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு. அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இது சரியாகத் தெரியாது. ஒரு நண்பரை வெளியே நிற்கவைத்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, எப்போது வெடிக்கிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுமா, காலை எடுத்ததுமா, டிராஃபிக்கில் சூடான பிறகா, மழைக்குப் பிறகா? ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். "எப்பவாவது வெடிக்குது அண்ணா" என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு ஸ்க்ரூடிரைவர், நைசான உப்புத்தாள், மாஸ்கிங் டேப், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப். இவற்றோடு ஒரு பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் வாய்க்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தும்மினால் புருவம் போய்விடும். மோதிரம், வாட்ச், துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கு இரக்கம் கிடையாது.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். பிளக், பாயின்ட், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு வண்டி சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் இன்னும் மோசம்.

பிளக்கும் வயரும்

பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து எடுத்ததோ அதே வரிசையில் ஒரு செய்தித்தாளில் அடுக்குங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் நம்பர். முனை வெளிறிய காபி நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு பக்கம் வேலை இருக்கிறது. நாலில் மூன்று ஒரே மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்றால் பாதி வேலை முடிந்தது, அந்த ஒரு சிலிண்டரை மட்டும் துரத்தினால் போதும். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். ஊரில் வயதான மெக்கானிக்குகள் இன்னும் எந்த பிளக்கையும் மைகோ பிளக் என்றுதான் சொல்கிறார்கள். ஆடுகோடியில் இருந்த அந்தக் கம்பெனியின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிவிட்டது, ஆனால் வாய்ப்பழக்கம் மாறவில்லை.

வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். வெடிக்கும் வரிசை 1-3-4-2. நான் ஒரு தடவை நம்பர் போடாமல் கழற்றி, 1-2-3-4 என்று மாட்டிவிட்டேன். செல்ஃப் அடித்ததும் கார்புரேட்டர் பீரங்கி மாதிரி வெடித்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சந்தேகம் இருந்தால் அதன் கேப்பைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கமாகவே 1-3-4-2 போக வேண்டும்.

இந்த வரிசையில் 2-க்கு அடுத்து 1 வருகிறது, 3-க்கு அடுத்து 4. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிப்பவை. அந்த வயர்களை அழகுக்காக ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் தாவி, நேரங்கெட்ட நேரத்தில் ஸ்பார்க் வரும். உடனே கார்புரேட்டரில் தும்மல். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய வயர் என்றால் நீலமாக மின்மினி ஊர்வது கண்ணுக்கே தெரியும். காசு செலவில்லாத சோதனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். டெல்கோ கேப் என்று கேட்டாலும் கடையில் புரியும். உள்ளே துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டது போல ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கறுப்புக் கீறல் ஓடினால், அது விரிசல். மழைக்காலத்தில் மட்டும் வெடிக்கும் கார்களில் பாதிக்கு இதுதான் காரணம். துடைத்தால் ஒரு வாரம் ஓடும், மாற்றினால்தான் தீரும்.

பாயின்ட்டும் கன்டென்சரும்

என் கதை இங்கேதான் இருக்கிறது. காலையில் வண்டி நன்றாக ஓடும். எம்.ஜி. ரோடு தாண்டி டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் ஒரு நாற்பது நிமிஷம் ஊர்ந்து வந்த பிறகு சைலன்சரில் பட், படார். ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் மறுபடியும் நல்ல பிள்ளை. ஒரு கேரேஜில் கார்புரேட்டர் என்றார்கள், மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள். அடுத்த நாள் அதே சிக்னல், அதே படார்.

சிவாஜி நகரில் ஒரு வயதான பாய், கேப்பைக் கழற்றி, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிறகு இடத்தை மாற்றி என்னைப் பார்க்கச் சொன்னார். பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனைக்கும் நடுவே கொழுத்த ஸ்பார்க் தாவியது. "இங்க வர நெருப்புதான் தம்பி பிளக்குக்குப் போகணும். கன்டென்சர் செத்துப்போச்சு, கார்ப்பரேட்டர் பாவம் என்ன பண்ணும்?" என்றார். வெற்றிலைப் பெட்டி மாதிரி ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஏதோ ஒரு காரில் கழற்றிய பழைய கன்டென்சரை எடுத்து மாட்டினார். அதற்குப் பிறகு அந்த சிக்னலில் வண்டி வெடிக்கவில்லை. புதுசு வாங்க ஆனது ஒரு மசால் தோசை, ஒரு காபிக் காசு.

பாயின்ட் திறக்கும்போது அங்கே பாயப் பார்க்கும் மின்சாரத்தைக் கன்டென்சர் உள்வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் காயிலில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் சுருள்) மின்சாரம் சட்டென்று அறுந்து, பிளக்கில் பலமான ஸ்பார்க் வருகிறது. கன்டென்சர் சூட்டில் பலவீனமானால் ஸ்பார்க்கும் பலவீனமாகும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் அங்கே சூட்டில் வெடிக்கும். சூடானால் வெடிக்கும், ஆறினால் சரியாகும் என்றால் முதல் சந்தேகம் கன்டென்சர் மேல், இரண்டாவது காயில் மேல். பாயின்ட் முனை கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தாலும் இதே சாட்சிதான். புது கன்டென்சர்கள் எல்லாம் நல்லவை என்று நம்பாதீர்கள். ஜே.சி. ரோட்டில் பழைய ஸ்டாக் கிடைத்தால் இரண்டு வாங்கி, ஒன்றைக் காரில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு டிக்கியில் வையுங்கள். சோதிக்காத ஸ்பேர், ஸ்பேரே இல்லை.

பாயின்ட் இடைவெளியை, அதன் குதிகால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கேம் மேட்டின் உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வேறு கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் அதன் கையேட்டு அளவு. அந்தக் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், அதாவது டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். யாரும் கை வைக்காமலேயே ஆறு மாதத்தில் வண்டி சூடாகி, பிக்கப் குறைந்து, சைலன்சரில் வெடிக்க ஆரம்பிப்பது இப்படித்தான். கேம் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவினால் தேய்மானம் குறையும். அதற்கு மேல் தடவினால் தெறித்துப் பாயின்ட்டில் ஒட்டும். உப்புத்தாளால் தேய்த்த பிறகு ஒரு துண்டுத் தாளை நடுவில் விட்டு இழுத்துத் தூசியை எடுத்துவிடுங்கள்.

டைமிங்

இடைவெளி சரிசெய்த பிறகுதான் டைமிங். முன்பே செய்தால் வீண், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

நாலு பிளக்கையும் கழற்றுங்கள், இன்ஜின் லேசாகச் சுற்றும். ஒன்றாம் நம்பர் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் டாப் கியரில் போட்டு, நண்பரைக் காரை மெதுவாக முன்னால் தள்ளச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன். அங்கிருந்து கிராங்க் புல்லியில் உள்ள குறி, கையேட்டில் சொன்ன டிகிரிக் குறிக்கு வரும்வரை மெள்ளத் தள்ளி நிறுத்துங்கள். குறி துருவேறிக் கிடக்கும். துடைத்து வெள்ளை பெயின்ட் வைத்துவிட்டால் அடுத்த முறை கண்ணைச் சுருக்க வேண்டாம்.

டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனையிலும், இன்னொன்றைக் காரின் உடம்பிலும் தொடவையுங்கள். சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் விளக்கு எரியாது, திறந்ததும் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, முதலில் ரோட்டர் சுற்றும் திசையிலேயே விளக்கு அணையும்வரை திருப்புங்கள். பிறகு அதற்கு எதிர்த்திசையில் நூல் நூலாகத் திருப்பி, விளக்கு சரியாக எரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது சாவி போட்டபடி இருந்தால் காயில் சுடும், பாயின்ட்டும் கருகும்.

கேப்பை மாட்டும் முன் ரோட்டரை அது சுற்றும் பக்கமாக விரலால் லேசாகத் திருகி விடுங்கள். ஸ்பிரிங்கால் தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னுக்குத் தள்ள உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. மெதுவாக ஓடும்போது டைமிங் சரியாகவும் வேகத்தில் தப்பாகவும் இருக்கும்.

சோக் சொல்லும் சேதி

இவ்வளவும் செய்தும் கார்புரேட்டர் தும்முகிறதா? இன்ஜின் சூடான பிறகு, தும்மும் வேகத்தில் ஓட்டியபடியே சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) கால்வாசி இழுத்துப் பாருங்கள். தும்மல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. அதிகமானால் பெட்ரோல் ஏற்கெனவே கூடுதல். அப்போது ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃப்ளோட் லெவல் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்), முழுசாகத் திரும்பாத சோக் கேபிள் இவற்றைப் பாருங்கள். பெட்ரோல் போதாத கலவை மெதுவாக எரியும். அடுத்து இன்டேக் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருக்கும், அது கார்புரேட்டர் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். தும்மல் என்பது இதுதான்.

திருட்டுக் காற்றுக்குக் கார்புரேட்டர் அடிப் பேக்கிங்கையும் இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங்கையும் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் சமாசாரம், எனக்குப் பிடிக்காது. துணி இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். ஐடிலிங்கில் ஓடவிட்டு இணைப்புகளில் மட்டும் தெளியுங்கள், பிளக் வயர் பக்கம் வேண்டாம். தெளித்ததும் இன்ஜின் ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கே.

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும் ஒரு தும்மல் என்றால் கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்துக்கொண்டு த்ராட்டிலைக் கையால் இழுங்கள். நூல் போலப் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டினால் டயஃப்ரம் போய்விட்டது. வேகமாகப் போகும்போது மட்டும் திணறித் தும்மினால் பெட்ரோல் வரத்துதான் குறைவு. ஃபில்டர், டேங்கில் துரு, ஏ.சி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இன்ஜின் பக்கத்துப் பெட்ரோல் பம்ப், இந்த வரிசையில் பாருங்கள்.

இப்போதைய பெட்ரோலையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த விழாவில்தான் தொடங்கிவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் எந்த பங்கிலும் அதுதான் வருகிறது. எத்தனால் எரிய, பெட்ரோலை விடக் குறைந்த காற்றே போதும். ஆகவே பழைய ஜெட்டில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் அளவுத் துளை) ஓடும் காருக்குக் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். எதிர்ப்பக்கம், சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் சென்னையில் செட் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடக் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் ஈடுகட்டுவதால், ஜெட்டை மாற்ற அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி. பழைய ரப்பர் ஹோஸ்களை மட்டும் எத்தனால் தாங்கும் ஹோஸாக உடனே மாற்றிவிடுங்கள். பழையது ஊறி, உள்ளே உதிர்ந்து, ஜெட்டை அடைக்கும். அதைவிட முக்கியம், இன்ஜின் மேல் கசியும். மாதக்கணக்கில் ஓட்டாத காரில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்க் துருவேறும். வாரம் ஒருமுறை அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டாவது போய் வாருங்கள்.

வால்வு

ஒரே தாளத்தில், ஒரே சிலிண்டரில், ஐடிலிங்கிலும் தும்மினால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) ரொம்பக் குறைந்திருந்தால் வால்வு முழுசாக மூடாது, எரிந்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை மாதிரி இருந்தது. அம்பாசடர் போல வார்ப்பிரும்பு ஹெட் உள்ள பழைய இன்ஜின்களில் அந்த இடம் தேய்ந்து வால்வு உள்ளே அமுங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இருந்து, ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு அளந்தும் ஏறாவிட்டால் அது வால்வு. ஏறினால் ரிங். பக்கத்துப் பக்கத்து இரண்டும் குறைவு என்றால் ஹெட் பேக்கிங். இந்த இடத்தில் நான் மெக்கானிக்கிடம் போய்விடுவேன். போகும்போது "வெடிக்குது" என்று மட்டும் சொல்லாமல், நோட்டில் எழுதியதையும் அளந்த எண்களையும் கையில் கொடுங்கள். அப்போது யாரும் உங்கள் தலையில் கார்புரேட்டரைக் கட்ட முடியாது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் படபட

இது தனி ரகம். நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். அங்கிருந்து இரண்டாம் கியரில் காலை எடுத்தபடி இறங்கும்போது பல பழைய கார்கள் சைலன்சரில் படபடக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்பில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், மிச்சப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. காலையில், சைலன்சர் சில்லென்று இருக்கும்போது, இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே நண்பர் கெட்டியான துணியைப் பந்தாக்கிப் பின்குழாய் வாயை இரண்டு நொடி அழுத்தட்டும். முன்பக்கம் உஸ் என்ற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே பேக்கிங் போயிருக்கிறது. சுற்றிலும் கரி படிந்திருப்பதும் தெரியும். பேக்கிங்கை மாற்றி, போல்ட்டுகளைச் சூடு ஆறியதும் இன்னொரு தடவை இறுக்குங்கள்.

அதுவும் சரியாக இருந்து, ஐடிலிங் ஸ்க்ரூவையும் கால் சுற்றுக்கு மேல் திருகாமல் பார்த்துவிட்டு, பிறகும் இறக்கத்தில் மட்டும் மெல்லப் படபடத்தால் நான் விட்டுவிடுகிறேன். அந்தக் காலத்திலும் மலை இறக்கத்தில் அது அப்படித்தான் இருமிக்கொண்டு வந்தது.